மா, நீ பேசுறது கேக்கல

இது நடந்தது. என் கடையில், என் கண் முன்னால், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் இருட்டும் மழையும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் டெல்மி. எல் ப்ரோக்ரெசோ ஊர்ச் சந்தையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை நான். இதையும் கழற்றித்தான் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

என் கடைக்கு நேர் எதிரே, எல்லாரும் மரியாதையாக 'டோன்யா' என்று கூப்பிடும் எர்மிண்டா அம்மா பலேயாதா போடுகிறார். கோதுமை ரொட்டி சுட்டு, பீன்ஸ் மசியலைத் தடவி, பாலாடைக்கட்டியைத் தூவி மடித்துக் கொடுப்பார். வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம். ஒரே பிள்ளை, நஹூன்.

நஹூனுக்குச் சந்தையில் 'கம்பம்' என்று பெயர். இங்கே எல்லா அம்மாக்களும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லித்தான் சந்தைக்குக் கூட்டி வருவார்கள். தொலைந்துபோனால் நகராதே, நின்ற இடத்திலேயே நில், நான் வருவேன். நஹூனுக்கு ஐந்து வயதிருக்கும்போது புனித வாரக் கூட்டத்தில் தொலைந்துவிட்டான். ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்து அம்மா வந்து சேரும் வரை நின்றான். யார் யாரோ கூப்பிட்டார்கள், ரொட்டி கொடுத்தார்கள், தூக்கவும் பார்த்தார்கள். பயல் அசையவில்லை. வளர்ந்து மீசை முளைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. "கம்பம், நகருடா" என்று கிண்டல் செய்யாத ஆள் சந்தையில் கிடையாது.

மே மாதம் அவன் வேலை தேடி, காகிதம் ஒன்றும் இல்லாமல் எல்லை தாண்ட, வடக்கே கிளம்பினான். இங்கே வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போகிறார், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கிளம்பும்முன் அம்மாவின் பழைய போனில் இன்டர்நெட் வழியாகப் பேசும் ஒரு சின்ன ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். "மா, இது டேட்டாவ முழுங்காது. இதுலதான் கூப்பிடுவேன். எதையும் தட்டி வைக்காத" என்றான்.

ஜூன் முதல் வாரம் வரை கூப்பிட்டான். பிறகு ஒன்றும் இல்லை. ஜூலை முழுக்க ஒன்றும் இல்லை. டோன்யா எர்மிண்டா பாதியாகிவிட்டார்.

ஆகஸ்டில் போன் அடித்தது. மதியம் இரண்டு பத்து. திரையில் நஹூன் பெயர். எடுத்தார், சத்தமே இல்லை. மறுநாளும் அதே இரண்டு பத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் மாவுக் கையோடு என் கடைக்கு ஓடி வந்தார்.

"டெல்மி, இந்தச் சனியன் புடிச்ச போனைப் பாரு. புள்ள பேசுறான், எனக்குக் கேக்கல."

"பேசுறான்னு எப்படித் தெரியும்?"

"பேசாம எதுக்குடி கூப்பிடுவான்? அறிவுகெட்டவளே!"

ஆப்பைத் திறந்து பார்த்தேன். விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்தேன். நாம் பேசுவதை இந்த ஆப் சின்ன மூட்டையாகக் கட்டி அனுப்பும். கட்டும் முறைக்குப் பெயர் கோடெக். அது பல தினுசில் இருக்கிறது. இந்தப் பக்கம் கட்டுகிற முடிச்சை அந்தப் பக்கம் அவிழ்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அழைப்பு இணையும், குரல் வராது. டேட்டா மிச்சமாகட்டும் என்று நஹூன் ஒரே ஒரு பழைய கோடெக்கை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஜூலையில் ஆப் தானாகப் புதுசாகியிருக்கிறது. புதியதில் அந்தக் கோடெக் இல்லை.

"ஆளு நல்லாத்தான் இருக்கான் டோன்யா. மூட்டைதான் அவிழல."

எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. பழைய ஆப்பைத் தேடிப் பிடித்துப் போட்டேன். மற்ற கோடெக்குகளையும் ஒன்றுவிடாமல் திறந்துவிட்டேன். என் கடையிலேயே உட்காரச் சொன்னேன்.

இரண்டு பத்து. அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு தகரத்தில் யாரோ தட்டுவது போல... டக்... டக்... டக். அதற்குப் பின்னால் ஒரு முனகல். அழுகை மாதிரி. ஒன்றல்ல, பல.

டோன்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பழைய கோடெக் மனிதத் தொண்டையை மட்டும் மனதில் வைத்துச் செய்தது. வண்டி உறுமினாலும் காற்று அடித்தாலும் அதற்குத் தொண்டைச் சத்தமாகத்தான் தெரியும். அப்படியே கட்டி அனுப்பிவிடும். பொய்யில்லை, தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"பயப்படாதீங்க. அது காத்து."

டோன்யா என்னைப் பார்த்தார். "காத்து 'மா'ன்னு கூப்பிடுமாடி?"

எனக்கும் கேட்டிருந்தது.

"மா... மா... நீ பேசுறது கேக்கல."

"நஹூன்! எங்கடா இருக்க? சொல்லுடா!" சந்தையே திரும்பிப் பார்த்தது.

"மா... கேக்கல, மா..."

துண்டித்துக்கொண்டது.

சோதிக்க வேண்டியதை எல்லாம் சோதித்தேன். நாம் பேசியதை நமக்கே திருப்பி அனுப்பும் ஒரு எண் உண்டு. அதில் டோன்யாவைப் பேசவிட்டேன். அவர் குரல் கண்ணாடி போலத் திரும்பி வந்தது. மைக்கில் பழுது இல்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. ஐந்தே நிமிட அழைப்பு... போன் பின்பக்கம் தொட முடியாதபடி கொதித்தது. ஆனால் பேட்டரி ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

அதன்பிறகு தினமும் வந்தது. டோன்யா போலீசுக்குப் போனார். தூதரகத்துக்குப் போனார். "எங்க இருக்கான்னு சொல்லுங்க, தேடுறோம்" என்றார்கள். அதைத்தானே அம்மா அவர்களிடம் கேட்கப் போனார்! கடைசியில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. தன் குரல் ஒரு தடவை அவன் காதில் விழ வேண்டும்.

"அவன் எதுவும் சொல்ல வேணாம்டி. அம்மா இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

நானும் விடவில்லை. கோடெக்குகளை மேலும் கீழும் வரிசை மாற்றினேன். ஒவ்வொன்றாகத் தனியே வைத்துப் பார்த்தேன். எதை மாற்றினாலும் அவன் குரல் வந்தது. இவர் குரல் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, டோன்யாவே சொல்லிவிட்டார்.

"டெல்மி... பின்னாடி நெறைய பேரு இருந்தாங்களே. ஒரு பொம்பள ஜெபம் சொல்லிட்டே இருப்பாளே. அவ எங்க?"

குரல்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. தட்டும் சத்தமும் மெதுவாகிக்கொண்டே வந்தது. நான் மறுபடி கோடெக் வரிசையை மாற்றப் போனேன்.

அப்புறம் அந்த நாள்.

காலையிலிருந்தே ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மதியத்துக்குள் டவரும் படுத்துவிட்டது. சந்தையில் ஒருவர் போனிலும் சிக்னல் கிடையாது. தகரக் கூரை நெருப்பாய்க் காய்ந்தது.

"இன்னைக்கு வராது டோன்யா. போய்ப் படுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு பத்து.

அடித்தது.

நான் திரையைப் பார்த்தேன். சிக்னல் இருக்கும் இடத்தில் குறுக்குக் கோடு. அழைப்புக்குக் கீழே எந்தக் கோடெக்கில் பேசுகிறோம் என்று ஒரு வரி எப்போதும் இருக்கும்.

அந்த வரி காலியாக இருந்தது.

குரல் எதிலும் கட்டப்படாமல் வந்துகொண்டிருந்தது.

இரைச்சல் இல்லை. முனகல் இல்லை. ஒரே ஒரு மூச்சு... பக்கத்தில் உட்கார்ந்து விடுவது போல.

"மா?"

"நஹூன்..."

"மா... இப்பக் கேக்குது."

டோன்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"கண்ணு, பயப்படாத. நகராத. இருக்கற எடத்துலயே இரு. அம்மா வரேன்."

"சரி, மா."

டக்...

அவ்வளவுதான்.

போன் கையைச் சுட்டது. கீழே போட்டுவிட்டேன்.

அதன்பிறகு அழைப்பு வரவே இல்லை. டோன்யாவின் முகம் மட்டும் தெளிந்துவிட்டது. பையில் துணி மடித்து வைத்துக்கொண்டார். வடக்கே போய் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வழி விசாரித்தார். "நகர மாட்டான்டி என் கம்பம். சொன்ன சொல்லத் தட்டாத புள்ள. நான் போற வரைக்கும் அங்கயேதான் இருப்பான்" என்பார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது தெரியாது.

அக்டோபரில் ஒருவன் வந்தான். இருபது வயதுதான் இருக்கும். உதடெல்லாம் வெடித்து ஆறிய தழும்பு. பெயர் ஒல்வின், ஒலாஞ்சிட்டோ ஊர்க்காரன். ஆஸ்பத்திரியிலும் காவலிலும் கிடந்துவிட்டு, திருப்பி அனுப்பப்பட்டு வந்தவன்.

"அக்கா, கம்பத்தோட அம்மா யாரு?"

உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். சொன்னான். ஒரு லாரி, பின்னால் தகரப் பெட்டி. வெளியே பூட்டு. டிரைவர் எங்கோ வெயிலில் நிறுத்திவிட்டு ஓடிவிட்டான்.

"தட்டித் தட்டிப் பாத்தோம் அக்கா. ஒருத்தரும் வரல. ஒவ்வொருத்தரா சத்தம் அடங்கிருச்சு. இருந்தவங்களுக்கும் பேசத் தெம்பில்ல. இவன் மட்டும் போனைக் காதுல வச்சுக்கிட்டு 'மா, நீ பேசுறது கேக்கல'ன்னுட்டே இருந்தான். சிக்னலே கெடையாது அதுல. சூட்டுல மூளை கலங்கிருச்சுன்னு நெனச்சோம்."

"எந்த மாசம்?"

"ஜூன். ரெண்டாவது வாரம்."

என் கடையில் நடந்தது ஆகஸ்ட்.

"கடைசியா 'இப்பக் கேக்குது'ன்னான். சிரிச்சான் அக்கா... அப்பத்தான் ஒரு பெரியவரு தரைப் பலகையப் பேத்துட்டாரு. ஊந்து வெளிய போறதுக்கு எடம் கெடச்சுது. நாலு பேரு தப்பிச்சோம். இவன் கையப் புடிச்சு இழுத்தேன். இவனுக்கு இன்னும் தெம்பு இருந்துச்சு. வரல."

"ஏன்?"

"'அம்மா நகராதன்னு சொன்னா. வந்துட்டிருக்கா'ன்னான்."

நஹூன் செத்த செய்தியை மறைக்க முடியாது. வழி கிடைத்தும் அம்மா சொல்லுக்காக அவன் வெளியே வரவில்லை என்பதை மட்டும் டோன்யாவிடம் சொல்லவே கூடாது என்று ஒல்வினிடம் சத்தியம் வாங்கினேன். எதிரே கூட்டிப் போனேன்.

சொன்னோம். டோன்யாவின் கை மாவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"என் கொரலு அவனுக்குக் கேட்டுச்சா?"

ஒல்வின் என்னைப் பார்த்தான். "கேட்டுச்சும்மா."

"அது போதும்பா." ஒரு ரொட்டியைக் கல்லில் போட்டார். சுட்டு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, பீன்ஸ் தடவி, மடித்து, அவன் கையில் கொடுத்தார். "சாப்பிடு. எலும்பா இருக்க."

அவன் ஒரு வாய் கடித்தான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே வண்டியிலதான இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"வெளிய பூட்டியிருந்துச்சுன்ன."

"ஆமா..."

"அப்ப நீ எப்படிப்பா வெளிய வந்த?"

ஒல்வின் மெல்லுவதை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். டோன்யாவின் கை மாவின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கல்லில் கிடந்த ரொட்டி புகைய ஆரம்பித்தது, அதைத் திருப்பிப் போட யாரும் இல்லை.