எஸ்தர் ஏறிய படிகள்

இந்த ஊர் நூலக வாசலில் இரண்டே படிகள். அந்த இரண்டு படிகளுக்காக, சக்கர நாற்காலியில் நடமாடும் என் பக்கத்து வீட்டு மிஸஸ் டாசன் நகரசபைக்குக் கடிதம் எழுதினார். "நானும் வரி கட்டுகிறேன். நான் உள்ளே போக வேண்டாமா?" என்று கேட்டிருந்தார். சில வாரங்களில் சாய்தளம் போட்டுவிட்டார்கள். பொதுக் கட்டடங்களுக்கு இங்கே இப்போது அப்படி ஒரு சட்டம். இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்த எனக்கு இவர்கள் சாப்பாடும் பேச்சும் பழகிவிட்டன. இது மட்டும் பழகவில்லை. ஒரு படியின் மீது கோபப்படலாம் என்றே எனக்குத் தெரியாது.

என் தங்கை எஸ்தருக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை, கைகளில் ஊன்றுகோல். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய வருஷம், தாம்பரத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து அவளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எங்கள் ஊர் மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். பத்து மணிக்கு வரச் சொன்ன இடத்தில் ஒன்பதரைக்கே நின்றோம். தேர்வு இரண்டாவது மாடியில்.

அதிகாரி கீழே வந்து பார்ப்பாரா என்று பியூனைக் கேட்டேன்.

"இன்னாம்மா பேசறே? சார் எறங்கிலாம் வரமாட்டாரு. வோணும்னா ரெண்டு ஆள இட்டாரேன், தூக்கினு போய் வுட்ருவாங்க."

"வேணாம்க்கா," என்றாள் எஸ்தர். "வேலை கேட்டு வந்திருக்கேன். மூட்டை மாதிரி போகமாட்டேன்."

ஊன்றுகோல்களை என்னிடம் தந்தாள். படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். இறங்கி வந்தவர்கள் அவள் சேலையைத் தாண்டிப் போனார்கள்.

மேலே சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். பட்டியலில் 'வரவில்லை' என்றிருந்தது.

"சார், நான் ஒன்பதரைக்கே வந்துட்டேன் சார். படியிலதான் இருந்தேன்."

அதிகாரி கெட்டவர் அல்ல. நாற்காலி போடச் சொன்னார். "டைமுக்கு ப்ரெசன்ட் ஆகலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ரூல்ஸ் அப்படி," என்றார். எங்கள் பக்கம் எடுத்துச் சொல்ல ஒரு ரூலும் இல்லை. கைகழுவ எங்கே தண்ணீர் இருக்கும் என்று மட்டும் கேட்டாள் எஸ்தர்.

அதன்பிறகு அவள் எந்த வேலைக்கும் விண்ணப்பம் போடவில்லை. சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

"உன் தங்கை வெளியே போய்வருவாளா?" என்று மிஸஸ் டாசன் ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். "வீட்டிலேயே இருக்கப் பிடிக்கும் போலிருக்கிறது. என் அக்காவும் அப்படித்தான்," என்று சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நூலகத்துச் சாய்தளத்தைப் பற்றி, அந்தச் சட்டத்தைப் பற்றி எஸ்தருக்கு நான்கு பக்கம் எழுதினேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். பதில் வந்தது: "அக்கா, இனிமே அதெல்லாம் எழுதாதே. அப்படி ஒரு ஊர் இருக்குன்னு தெரியாம இருந்தப்போ எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்லை. அங்கே பனி எப்படி விழும்னு எழுது."

பனியை மட்டும்தான் எழுதுகிறேன். ஜூலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டும் அதையே எழுதுகிறேன். என் கடிதங்களில் இந்த ஊரின் தெருக்கள் இல்லை. தாம்பரத்தில் அந்தப் படிகள் இன்னும் அப்படியேதானா என்று விசாரிக்கவும் எனக்குத் துணிவில்லை. வெறும் தாளில் பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. எந்த ஊரில் கொட்டுகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.