ஒரே ஒரு தடவை ஓடவேண்டிய இசைத்தட்டு

மாமி கேட்டது ஒரு கசட் மட்டுமே. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டாருக்கும் அவர் மாமிதான். அவருடைய கணவர் இளமையில் கொழும்புக்குப் போய் இசைத்தட்டொன்றில் ஒரு கீதம் பாடியிருந்தார். அவர் மௌத்தான பின்னர் எஞ்சியிருந்த குரல் அது மட்டுந்தான். கட்டாரிலிருந்த மகன் அதைக் கேட்க ஆசைப்பட்டதால், தட்டைக் கசட்டில் பதிந்து அனுப்ப நினைத்தார் மாமி.

"கசட்டும் ஒருநாள் தேய்ந்துபோகும்" என்று நான் தடுத்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பட்டம் பெற்றுவந்து கல்முனையில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணினியில் ஏற்றினால் குரல் தலைமுறைகளுக்கு நிலைக்கும் என்று விளக்கினேன். மாமியின் கவலை மகனைப் பற்றியது. என்னுடையதோ இன்னும் பிறக்காதவர்களைப் பற்றியது.

லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கும், ஊரே 'காக்கா' என்று அழைக்கும் அண்ணனிடம் ரெக்கோட் பிளேயரை இரவல் வாங்கினேன். ஊசி துள்ளாதிருக்க அதன் தலையில் பத்துச் சத நாணயமொன்றை ஒட்டியிருந்தார். அந்தப் பாரம் தட்டைச் சிதைக்கும் என்று எடுத்துரைத்து அதைக் கழற்றினேன்.

"இருவது வருசமா கலியாண ஊட்டுல பாடின பெட்டி தம்பி. அந்தச் சல்லிக்குத்தி ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யல்ல."

பிளேயரை ஓர் அம்பிளிஃபயர் வழியாகக் கணினியில் இணைத்தபோது ஓர் இரைச்சல் எழுந்தது. மூன்று நாட்கள் அதன் காரணங்களை ஆராய்ந்து இரண்டு பக்கங்கள் எழுதினேன். காக்கா வந்து, பிளேயரின் பின்னால் தொங்கிய மெல்லிய எர்த் கம்பியை அம்பிளிஃபயரில் முறுக்கினார். இரைச்சல் நின்றது.

"பட்டம் எடுக்கிற இடத்துல குனிஞ்சி பாக்கப் படிப்பிக்கிறல்லியா?"

ஒவ்வொரு ஓட்டமும் குரலில் ஒரு படலத்தை உரித்துவிடும். ஆகவே மாமியின் தட்டு ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்று சட்டம் விதித்தேன். ஊசியைத் துடைத்தேன், பாரத்தைச் சரிபார்த்தேன், காக்காவின் கீறல் விழுந்த தட்டுகளில் ஒத்திகை பார்த்தேன். மாமி வாராவாரம் வந்து திரும்பிப் போனார்.

நான்காம் வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின், தட்டு ஓடியது. மாமி மூச்சையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார். நான் மட்டும் ஊசியின் நுட்பங்களைக் காக்காவுக்குத் தாழ்ந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

பதிவை ஒலிக்கவிட்டபோது மின்விசிறியின் சத்தம் கேட்டது. அதற்கப்பால், எங்கோ தூரத்தில், மாமியின் கணவர் பாடினார். மிக அருகில், மிகத் தெளிவாக, நான். எல்லாவற்றையும் சோதித்தவன், ஒலி எங்கிருந்து வரவேண்டும் என்று கணினியில் தெரிவுசெய்யும் ஒரு கட்டத்தை மாற்ற மறந்திருந்தேன். பிளேயரின் ஒலியை விட்டுவிட்டு, மேசையிலிருந்த மைக்கின் வழியாகக் கணினி அறையையே பதிந்திருந்தது.

"மனே, அவர் ஒரு அடி பாட நீங்க ரெண்டு அடி கதைக்கிறீங்களே" என்றார் மாமி.

"இந்தப் பயான், பிரசங்கம் செய்றவர வெட்டியெடுக்கேலாதா?" என்றார் காக்கா.

"ஏலாது காக்கா."

மாமியின் முகம் வாடியது. "ஒரு தரந்தான் ஓடலாம் எண்டீங்க. அப்ப இதுதானா கட்டாருக்குப் போற?"

இன்னொரு தடவை ஓடினால் காதுக்குத் தெரியுமளவு தேயாது என்பதையும், அந்தச் சட்டம் என் அதீத எச்சரிக்கையால் பிறந்தது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அப்படியானால் நான்கு வாரம் காக்கவைத்தது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல நீண்ட நேரம் எடுத்திருப்பேன்.

அந்தக் கட்டத்தை மாற்றினேன். "ஊசிய நான் வெக்கிறன், நீங்க வெளிய நில்லுங்க தம்பி" என்றார் காக்கா. விறாந்தையில் நின்றேன்.

சற்று நேரத்தில் மாமி கதவைத் திறந்தார். கண்கள் ஈரமாயிருந்தன.

"இப்ப அவர் மட்டுந்தான் இரிக்கார். இனி நீங்க கதைக்கலாம் மனே."