வெள்ளச்சிக்கு வெட்டிய குழி

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஏப்ரல் சீசன் முடிந்து நுவரெலியா ஏரிக்கரையில் கூட்டம் குறைந்திருந்த நேரம் அது. நானுஓயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடுவார். எங்கள் குதிரைக்கு வெள்ளச்சி என்று பெயர். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம். எங்கள் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் எங்களிடம் வந்தது. அவள் இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறாள் என்றால் அதில் பாதி வெள்ளச்சி சுமந்ததுதான்.

அந்த சீசனிலேயே குதிரை தளர்ந்துவிட்டது. நின்ற இடத்திலேயே தலை தொங்கும், முன்கால்கள் மடங்கும், விழப்போய்த் திடுக்கிட்டு நிமிரும். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. ஒருநாள் சவாரியில் யாரோ ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தபோதே கால் மடங்கப் பார்த்ததாம். அன்றைக்கே அவர் சேணத்தைக் கழற்றிக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டார்.

ஏரிக்கரைக்கு வரும் மிருக வைத்தியர், ஒரு சிங்களப் பெண், அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு மூட்டுகள் தேய்ந்துவிட்டன என்றார். வேலை வாங்காமல் ஓய்வில் வைத்துப் பாருங்கள், அப்படியும் விழுந்துகொண்டே இருந்தால் வேதனைப்பட விடாமல் ஊசி போட்டுவிடலாம் என்றார். ஓய்வில் வைத்தோம். கொட்டிலில் கட்டி, நேரத்துக்குப் புல்லும் தவிடும் வைத்தோம். குதிரை இன்னும் மோசமானது.

"நீயே ஒரு முடிவு சொல்லு புள்ள. என்னால ஏலாது" என்றார் என் வீட்டுக்காரர். இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து சட்டைத் துணி வாங்கக்கூட என்னைக் கேட்டதில்லை! எனக்கும் வாய் வரவில்லைதான். ஆனால் அந்த முழங்கால்களை இன்னும் எத்தனை நாள் பார்ப்பது? "போதுங்க, அத விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்க் குழி வெட்டுவது வழக்கம். கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டியதில்லை. குதிரைக்கு அப்படி யார் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் வேலை விட்ட கையோடு எல்லோரும் வந்துவிட்டார்கள். லயத்துக்குக் கீழே, பழைய தேயிலையைப் பிடுங்கிப்போட்ட சமதரையில் பெரிய குழியாக வெட்டினார்கள். பக்கத்தில் கறுப்பு மண் மேடாகக் குவிந்தது. "மனுசருக்கு வெட்டுற மாதிரிதான் வெட்டியிருக்கோம் தங்கச்சி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வைத்தியர் வந்தார். இறந்த பிறகு அவ்வளவு பெரிய உடம்பை யாரால் தூக்க முடியும்? அதனால் குழி ஓரத்திலேயே ஊசி போடுவதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். மண்மேட்டின் அருகே வந்ததும் வெள்ளச்சி நின்றது. குனிந்து மண்ணை மோந்தது. முன்காலால் ஒருமுறை கிளறியது. பிறகு முழங்காலை மடித்து, பெரிய பெருமூச்சு விட்டு, அந்தப் புதுமண்ணில் படுத்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அது முதுகைத் தேய்த்துப் புரண்டது, நான்கு கால்களையும் வானத்தைப் பார்க்க உதைத்தது. அப்புறம் பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டது. தூக்கத்திலேயே கால்கள் ஓடின. எந்தப் பந்தயத்தில் ஓடியதோ! மலையிலிருந்து மூட்டம் இறங்கி எங்கள் எல்லோரையும் மூடியது. மண்வெட்டியோடு நின்ற அத்தனை ஆண்களும் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

வைத்தியர் என் வீட்டுக்காரரிடம், "இது வீட்டில படுக்கிறதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"குதிரை நின்னுக்கிட்டே தானே மிஸ் தூங்கும்?"

கோழித் தூக்கம்தான் அப்படி, ஆழ்ந்து தூங்கக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும் என்றார் வைத்தியர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் காலையில் வெள்ளச்சியின் உடம்பு முழுக்கச் சேறாக இருக்கும். வெள்ளைக் குதிரை அழுக்காக நின்றால் யார் ஏறுவார்கள் என்று திட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் தேய்த்துக் கழுவுவார். அதற்காகத்தான் அதற்கு முந்தின சீசனுக்குப் பிறகு கொட்டிலுக்கு சிமெண்டுத் தரை போட்டோம். அதன்பின் குதிரை சுத்தமாக இருந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். வலிக்கிற மூட்டோடு அந்த வழுக்குத் தரையில் படுக்கப் பயந்து, மாதக்கணக்கில் அது நின்றே கிடந்திருக்கிறது. தூக்கம் அழுத்தியபோதெல்லாம் கால் மடங்கி விழப்போனது அதனால்தான்.

"தானா எழும்பினா ஊசி வேணாம்" என்றார் வைத்தியர். எழும்பாவிட்டால்? ஊசிப் பை அவர் காலடியில்தான் இருந்தது.

வெள்ளச்சி கண் விழித்தது. முன்கால்களை ஊன்றி எழப் பார்த்துச் சரிந்தது. என் வீட்டுக்காரர் ஓடப்போனார். வைத்தியர் கையை நீட்டித் தடுத்தார். குதிரை நாய் உட்கார்வதுபோலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தது. பிறகு உடம்பையெல்லாம் கூட்டி ஒரே உந்தலில் எழுந்து நின்று, மண் பறக்க ஓர் உதறு உதறியது. நாங்கள் எல்லோருமே மண்ணாகிவிட்டோம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆண்பிள்ளைகள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வெட்டிய குழியைச் சும்மா மூடக்கூடாது என்று ஒரு வாழைத்தண்டை உள்ளே போட்டு மூடினார்கள். மறுநாளே அலவாங்கால் சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, குழியோரத்தில் மிஞ்சிய அந்த மண்ணையே கொண்டுவந்து கொட்டிலில் பரப்பினோம். சவாரி விடுவது அதோடு நின்றது. அவர் இப்போது மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார். வெள்ளச்சி இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறது. ஆனால் விழுவதில்லை, தினமும் சேற்றைப் பூசிக்கொண்டு எழுந்திருக்கிறது. யாரும் கழுவிவிடுவதில்லை.

வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கி வரும்போது அது நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால், காது அசையும்வரை இன்றைக்கும் எனக்கு மூச்சு வராது. இரக்கப்பட்டு அதற்கு ஒரு முடிவு கட்ட இருந்தோமே, அது கேட்டதெல்லாம் படுக்கக் கொஞ்சம் மண் மட்டும்தான் என்று நினைத்தபடியே கிட்டப்போய், சேறும் சகதியுமான அந்தக் கழுத்தைத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன்.