கண்டக்டர் செய்த கொலை

"கொல்றதுன்னா கொல்லுங்க. ஆனா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொல்லுங்க."

ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தபோது பக்கத்து அறையிலிருந்து இந்தக் குரல் வந்தது. என் மனைவி சுமதியின் குரல். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவள். எறும்பைக்கூட ஊதித் தள்ளுவாளே தவிர நசுக்கமாட்டாள். அவளா போனில் கொலைக்கு ஆலோசனை சொல்வது?

எழுந்து போய்க் கேட்டேன். "யாரைக் கொல்லப் போறீங்க?"

"மங்களத்தோட நாத்தனாரை."

"எந்த மங்களம்?"

"சீரியல் மங்களங்க. உங்களுக்குத் தெரியாது. நீங்க போய்த் தூங்குங்க."

இப்படிச் சொன்ன பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

விஷயம் இதுதான். மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மங்களத்துக்கும் மகள் யாழினிக்கும் பெரிய சண்டை. மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அதோடு ஒரு நாள் சீரியலையே நிறுத்திவிட்டார்கள். அம்மா எங்கே, மகள் எங்கே... சொல்ல நாதியில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பதினோரு பேர் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து, மிச்சக் கதையைத் தாங்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று அவரவர்தான் எழுத வேண்டும். ஃபேன் ஃபிக்ஷன், ரோல்பிளே என்றெல்லாம் இதற்குப் பெயர் இருக்கிறதாம். சீரியலில் ஊர் பெயரே கிடையாது. மகள் போன ஊர் மொரப்பூர் என்று இவர்கள் முடிவு செய்திருந்தார்கள்!

அட்மின் என் மனைவி. குரூப்பின் உச்சியில் விதிகளை 'பின்' செய்து வைத்திருந்தாள். அடுத்தவர் பாத்திரத்தின் வாயில் வசனம் வைக்கக் கூடாது. கொல்வதற்கும் கல்யாணம் செய்து வைப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கதைக்கு வெளியே பேசினால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். கதையில் வந்த கோபத்தை வெளியே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. நடித்தவர்களின் சொந்த வாழ்க்கையைத் தொடவே கூடாது.

"ஒரு கதைக்கு இத்தனை சட்டமா?" என்றேன். உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. "நானும் வரட்டுமா?"

சுமதி யோசித்தாள். "நீங்க எழுத்தாளர்னு அலட்டிக்கக் கூடாது."

"மாட்டேன்."

எனக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? பஸ் கண்டக்டர்! மங்களம் மகளைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறாள். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி டவுன் பஸ் ஏறுகிறாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் நான்.

முதல் நாள் டிக்கெட் கொடுத்தேன். இரண்டாம் நாள் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்றேன். மூன்றாம் நாளும் பஸ் போய்க்கொண்டே இருந்தது. மங்களம் ஜன்னலோரம் உட்கார்ந்து புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பத்தி எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? கதை நகரவே இல்லையே என்று நாலாம் நாள் நானே நகர்த்திவிட்டேன்.

மங்களத்துக்கு நெஞ்சுவலி. கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்துகிறான். அவன் மடியில் தலைசாய்த்து மங்களம் கடைசியாகச் சொல்கிறாள்: "என் மககிட்டச் சொல்லுங்க... நான் அவளை மன்னிச்சுட்டேன்னு." கண் மூடுகிறாள்.

அனுப்பிவிட்டு, கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

பத்து நிமிஷம் போயிற்று. பிறகு வரிசையாக நட்சத்திரங்கள். "* யாருங்க இந்தக் கண்டக்டர்?" "* டீச்சர், இவரு உங்க வூட்டுக்காரரா?" கடைசியாக மங்களத்தை எழுதுகிறவரிடமிருந்து ஒரே வரி வந்தது. "* அவ மன்னிக்கறதுக்குப் போவல."

அதன்பின் அவர் குரூப்பில் எதுவும் எழுதவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

சுமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மக வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர அவங்க நாலு மாசமா எழுதிட்டிருந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மங்களத்தை எழுதியவர் அதியமான்கோட்டையில், ஹைவே ஓரம் டிபன் கடை வைத்திருக்கிறார். கோவிந்தம்மா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, மற்றதை எழுதலாம் என்று அனுமதி கொடுத்தவர் அவரேதான். மூன்றாம் நாள் மத்தியானம் சுமதியும் நானும் ஸ்கூட்டரில் போனோம். கடையில் கூட்டமில்லாத நேரம். கோவிந்தம்மா சாயங்கால வடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"வாங்க டீச்சர்" என்றவர் என்னைப் பார்த்து, "இவருதானுங்களா கண்டக்டரு?" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன். வழியெல்லாம் தயார் செய்த நாலு வாக்கியமும் காணாமல் போயிருந்தன.

"செத்ததுகூடப் பரவாயில்லீங்க சார். மன்னிச்சுட்டேன்னு சொல்ல வெச்சீங்க பாருங்க, அதான் எனக்கு ஆவல." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அவ போனது மன்னிப்புக் கேக்கறதுக்குங்க."

கோவிந்தம்மா சுமதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எம் பொண்ணு ஓசூர்ல வேலையில இருக்கறா டீச்சர். ஒரு நாள் வூட்டுக்கு வந்து, உங்கிட்டப் பேசணும்மான்னா. யாரையோ விரும்பறான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள, நீ இதைத்தான் சொல்லுவ, அவனைத்தான் சொல்லுவ, நாங்க வேண்டாம்னா செத்துப்போவேன்னு சொல்லுவன்னு, அவ பேச வேண்டியதெல்லாம் நானே பேசி, அதுக்குப் பதிலும் பேசி, தீர்ப்பும் சொல்லிட்டனுங்க. அவ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. அவங்களே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு. அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

சுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் குரூப்புல சேர்ந்தப்ப, அடுத்தவங்க பேச்சை நாம எழுதக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க. மொத வாரம் எனக்குக் கையெல்லாம் அரிக்கும் டீச்சர். யாழினியா எழுதற சேலத்து அம்மா லேட் பண்ணும். பதில நானே எழுதிடலாமான்னு தோணும். எழுத மாட்டேன். காத்திருப்பேன். வர்ற பதிலு நான் நெனச்ச மாதிரி ஒரு தடவைகூட இருந்ததில்லீங்க!" சிரித்தார். கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று நாங்கள் மூவருமே வைத்துக்கொண்டோம்.

எத்தனை பேருக்கு நாம் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் லீவு கேட்க வருகிறவருக்கு, மாமியாருக்கு, சம்பந்திக்கு, டாக்டருக்கு... "நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பிக்காத சண்டை எந்த வீட்டில் உண்டு? எதிராளி வாயைத் திறப்பதற்குள் அவர் சார்பிலும் பேசி, நாமே ஜெயித்தும் விடுகிறோம்.

அன்று சாயங்காலமே குரூப்பில் நட்சத்திரக் குறி போட்டு மன்னிப்புக் கேட்டேன். பதினோரு பேரும் சம்மதித்து, நான் எழுதியதை நீக்கச் சொன்னார்கள். மங்களம் பிழைத்தாள். என் வேலை திரும்பவும் கண்டக்டர் வேலை. "ஸ்டாப்பிங் வந்துடுச்சு, பாத்து இறங்குங்கம்மா" என்று எழுதினேன். நாலு வார்த்தையைத் தாண்டவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

மங்களம் இறங்கினாள். மகள் வீட்டு வாசலில் போய் நின்றாள். கோவிந்தம்மா எழுதினார்: "அன்னிக்கி உன்னைப் பேச வுடல. தப்பு என்னுதுதான். இப்ப நீ பேசு. நான் நிக்கறேன்."

அதோடு நிறுத்திவிட்டார். கட்டிப்பிடித்து அழவில்லை. பின்னணி இசை இல்லை.

சேலத்து அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு நாள் போயிற்று. எனக்கே கை அரித்தது. சுமதி என் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. இரண்டாம் நாள் காலை கோவிந்தம்மா சுமதியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"டீச்சர், எம் பொண்ணுக்குப் போன் பண்ணிட்டனுங்க. கதையில எழுதினதையே அப்படியே சொன்னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. வெச்சிடுவாளோன்னு இருந்துச்சு. நானும் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க! முக்கால் மணி நேரம் திட்டினா. நாலாவது படிக்கறப்ப அவ ரிப்பன எடுத்து அக்கா மவளுக்குக் குடுத்தேனாம், அதுல இருந்து ஆரம்பிச்சா. நடுவுல ஒரு வார்த்தை பேசல டீச்சர் நான்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. ஆனா, அன்னிக்கி அவ சொல்ல வந்தது வேற. அந்தப் பையனை எனக்குப் புடிக்கலைன்னா வேண்டாம், ஆனா ஒரு தடவை நேர்ல பாத்துட்டுச் சொல்லும்மான்னு கேக்கத்தான் வந்தாளாம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அவ்ளோதானுங்க. அதுக்கு ரெண்டு வருஷம்."

மகள் இன்னும் ஊருக்கு வரவில்லை. வருவதாகவும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறதாம். போன வாரம் மருமகனும் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். அவர் வடை நன்றாகச் சாப்பிடுவார் என்று தெரிந்ததில் கோவிந்தம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

அதுசரி, மங்களம் என்ன ஆனாள் என்கிறீர்களா? இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். சேலத்து அம்மா வீட்டில் ஏதோ விசேஷமாம்... காத்திருக்கிறோம்.