நேயர் விருப்பம் முடியட்டும்

என் கணவர் வளைகுடாவிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த டேப்ரிக்கார்டரை, மூன்றாம் நாளே நான் திறந்துவிட்டேன். அவர் குளித்துவிட்டு வந்து பார்த்துப் பதறிப்போனார்.

“ஏட்டி, புதுச் சாதனமாக்கும்! நீ என்ன வேலை காட்டுத?”

“உள்ள எப்படி இருக்குன்னு பாக்கண்டாமா?” என்றேன்.

பார்த்து முடித்ததும் முன்போலவே பூட்டி வைத்தேன். ஒரு திருகாணி மிஞ்சியது. அது எங்கே இருந்தது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் பெட்டி பாடியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குளத்தூர் பக்கம் புதுவீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அவர் திரும்பிப் போன பிறகு வீட்டில் நானும் எட்டு வயது மகளும்தான். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. நெய்யாற்றின்கரைக்குப் போனால் மற்ற பெண்கள் துணிக்கடையில் ஏறுவார்கள், நான் கேசட் கடையில் ஏறுவேன். பாட்டு கரகரத்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைப்பேன். அறுந்த நாடாவை நகப்பூச்சு வைத்து ஒட்டுவேன். மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவதும் நான்தான். வெயில் காலத்தில் இலங்கை டிவிப் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்காகவே வேர்க்க வேர்க்க நின்றிருக்கிறேன்.

நான் மேலே நிற்கும்போது கீழே ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வெட்டுக்கல் மதில் இருந்தது. அவள் அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கத்துவாள்.

“இன்னும் கொஞ்சம் கிழக்கால… அய்யோ, போச்சு… ஆங், இப்பம் கொள்ளாம்! அப்படியே நில்லுங்க, அனங்காதிய டீச்சரே!”

அவளுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. வீட்டில் இருந்து ஜாக்கெட் தைப்பாள். அவள் புருஷன் கொத்தனார். பிள்ளைகள் இல்லை. மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வரும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தையல் மெஷினில் தலையைச் சாய்த்து, அது தணியும்வரை கிடப்பாள். தணிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல மிதிக்கத் தொடங்குவாள். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு எங்கள் முன்னறையில் இருபது பேராவது பாய் விரித்து உட்காருவார்கள். படம் மலையாளத்தில் ஓடும், இவர்கள் தமிழில் அழுவார்கள். முதலில் வந்து கடைசியில் எழுந்து போகிறவள் அக்கா. போகும்போது பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுத்தான் போவாள்.

என் பெரிய பைத்தியம் ரேடியோவிலிருந்து பாட்டைப் பதிவு செய்வது. கடலுக்கு அப்பால் இலங்கையிலிருந்து வரும் தமிழ் நிலையம் ஒன்றில் சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் நேயர் விருப்பம். புதுப்பெட்டியில் இருந்த ரேடியோவுக்கு அந்த நிலையம் கிடைக்காது. என் அப்பா தந்த பழைய ரேடியோவில், தென்னைமரத்துக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டினால் தெளிவாகக் கேட்கும். ஆகவே பழையதை மேசைமேல் வைத்து, அதன் வாய்க்கு நேரே புதியதை வைத்து, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, மூச்சடக்கி உட்கார்ந்திருப்பேன். காகம் கரைந்தால் காகமும் கேசட்டில் ஏறிவிடும்.

இதற்காக ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். பதிவு நடக்கும்போது ஜன்னல் கம்பியில் சிவப்புத் துவர்த்து ஒன்றைத் தொங்கவிடுவேன். அந்தத் துண்டைக் கண்டால் யாரும் சத்தம் போடக்கூடாது. சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். பொழியூர்க் கடற்கரையிலிருந்து மீன் சுமந்து வரும் அம்மாகூட, துவர்த்தைக் கண்டால் கூவாமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில்தான் வாயைத் திறப்பாள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. ஓர் ஊரையே அரைமணி நேரம் அடக்கி வைத்திருக்கிறேன் என்ற பெருமை.

ஒரு நாள் அக்கா கேட்டாள்: “நம்ம பேரெல்லாம் அதில சொல்லுவினுமா?”

கடிதம் எழுதினால் சொல்வார்கள் என்றேன். அன்றே எழுதினோம். அவளுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று, கீழே எங்கள் இரண்டு பேர் பெயர். அவள் தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கி, மெதுவாக, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருந்தோம். பாட்டு ஓடும்போது அவள் தன் வீட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து கேட்பாள். என் ரேடியோவின் சத்தம் அங்கேவரை போகும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மகள் ஆலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் துவர்த்தைக் கட்டிவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். இருபது நிமிடம் போனது. ஒரு பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் அடுத்த பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். அப்போது மதிலிலிருந்து குரல் வந்தது.

“மக்கா…”

சின்னக் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர்களுக்குக் காதைக் கொடுத்திருந்தேன்.

“டீச்சரே… ஒண்ணு வாருமா…”

பதிவு கெட்டுப்போகிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. உச்சுக்கொட்டினேன். எங்கள் பெயர் வரப்போகிறது என்ற அவசரத்தில் கூப்பிடுகிறாள், அவளும்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள், முடியட்டும் என்று நினைத்தேன். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. எங்கள் பெயரும் வரவில்லை. பத்து நிமிடம் இருந்து, கடைசிப் பாட்டும் முடிந்து, பொத்தானை நிறுத்தி, துவர்த்தை அவிழ்த்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மதிலின் கல்லைப் பிடித்திருந்தது. உதடு கறுத்திருந்தது. மூச்சு உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை என்பதுபோல நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் அலறிய அலறலில் ஆட்கள் ஓடிவந்தார்கள். ரோட்டில் போன ஒரு ஜீப்பை நிறுத்தி ஏற்றினோம். அவள் தலை என் மடியில் இருந்தது. என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், மூச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் என் மடி கனத்தது.

அவள் புருஷனை வேலையிடத்திலிருந்து கூட்டிவந்தார்கள். கையிலும் காலிலும் சிமென்ட் காய்ந்திருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது அவர் என்னிடம் வந்தார்.

“டீச்சர் கண்டதுனால ஜீப்பிலயாவது கேற்ற முடிஞ்சுது. இல்லேன்னா அவ ஒத்தைக்கு மண்ணில கிடந்திருப்பா.”

நான் தலையை ஆட்டினேன். அன்று வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

கேசட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அழிக்கவும் மனம் வரவில்லை, கேட்கவும் துணிவில்லை. சனிக்கிழமைகளில் ரேடியோவை வைப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஊரில் மற்ற வீடுகளில் வைத்தார்கள். நான் மூட்டிவிட்ட பழக்கம்தான் அது. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ரேடியோவில் என் பெயர் கேட்டது. அடுத்து அக்காவின் பெயர். நிறுத்தி, திருத்தமாக, உயிரோடு இருப்பவளைச் சொல்வதுபோலச் சொன்னார் அறிவிப்பாளர். தொடர்ந்து அவள் கேட்ட பாட்டு. துணி கையிலிருந்து நழுவி வாளிக்குள் விழுந்தது. மதிலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

அன்று இரவே அக்காவின் புருஷன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவளுக்க பேரு ரேடியோவில சொன்னானாம். நான் கேக்கல்ல, ஆளுவ சொல்லிச்சு.” கொஞ்சம் நின்று கேட்டார்: “உங்களுக்க கேசட்டில எங்கயாவது அவளுக்க சத்தம் உண்டுமா டீச்சரே? ஒரு போட்டோ உண்டு, கலியாணத்துக்கு எடுத்தது. சத்தம் ஒண்ணும் இல்ல.”

“இல்ல அண்ணே” என்றேன்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அந்தக் கேசட்டைப் போட்டேன். பாட்டு, அறிவிப்பு, பெயர்கள். அதற்குப் பின்னால், தூரத்தில் அந்த “மக்கா”. நான் நினைத்திருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. இழுப்பில் தவிக்கிறவள் கத்த முடியாமல் மெதுவாகக் கூப்பிட்டாள் என்றுதான் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். கேட்கும்போது வேறொன்று தெரிந்தது. முதல் கூப்பிடலில் அவளுக்கு இன்னும் மூச்சு இருந்தது. என் பதிவு கெட்டுவிடக்கூடாது என்று அவள் குரலைத் தாழ்த்தியிருக்கிறாள். துவர்த்தைப் பார்த்திருக்கிறாள். இரண்டாவது கூப்பிடலுக்குப் பிறகு, பெட்டிக்கு மிக அருகில், துல்லியமாக, நான் உச்சுக்கொட்டும் சத்தம்.

ஒரு மாதம் அவருக்கு முகம் கொடுக்காமல் நடந்தேன். அவர் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, விளக்குப் போடாமல் அடுக்களைப் படியில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். தாங்க முடியாமல் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, தேடிப் பாத்தேன். ஒரு எடத்தில உண்டு. அன்னைக்கு உள்ளதாக்கும்.”

அவர் நின்றுகொண்டே கேட்டார். “மக்கா” வந்ததும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“மெதுவாத்தான் விளிச்சிருக்கா. டீச்சருக்குக் கேட்டிருக்காது.”

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

“கேட்டியளா, அதுக்குப் பொறவு பல்லி அடிக்குது. அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியளா.”

கேசட்டைத் தனக்குத் தரச் சொன்னார், கொடுத்தேன். என்னிடம் இருந்த சின்ன டேப்ரிக்கார்டர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மதிலுக்கு அப்பால் அது ஓடியது. பாட்டை ஓட்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நிறுத்திப் போடுவார். அக்கா என்னைக் கூப்பிடுவாள். நான் உச்சுக்கொட்டுவேன். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, “அம்மா, அந்த மாமி விளிக்குது” என்பாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஆட்கள் வருவதும் குறைந்தது. அவர்களாகக் குறைந்தார்களா, என் முகத்தைப் பார்த்துக் குறைந்தார்களா, தெரியவில்லை.

ஒரு வருடத்துக்குள் அவர் வீட்டை விற்றுவிட்டுக் காட்டாக்கடைக்கு, தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். சத்தம் நின்றது. நின்றபிறகும் சாயங்காலமானால் என் காது தானாக மதிலுக்குப் போகும். என் கணவர் அடுத்த விடுப்பில் ரிமோட் வைத்த புதுப்பெட்டி ஒன்று கொண்டுவந்தார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “உனக்கு என்னாச்சு?” என்று கேட்டார். முதல் முறையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “அந்த ஆளுக்கிட்டப் போய்ச் சொல்லிரு. இல்லேன்னா நீ இப்படியே இருப்ப” என்றார்.

சொன்னால் தீரும் என்று நானும் நம்பினேன். ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் மாறி, காட்டாக்கடையில் இறங்கி விசாரித்துப் போனேன். அக்காவின் புருஷன் தன் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தார். நாற்காலி போட்டார், சாயா வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அண்ணே, கேசட்டில உள்ளது பல்லி இல்ல. அது நானாக்கும்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

“அப்பம் அவ விளிச்சது உங்களுக்குக் கேட்டுதா?”

“கேட்டுது.”

“கேட்டுட்டா வரல்ல?”

“பாட்டு முடியட்டும்னு இருந்தேன்.”

உள்ளேயிருந்து அவர் அண்ணி சாயா கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இத என்னத்துக்கு இப்பம் வந்து சொல்லுதிய?”

“சொல்லாம இருக்க முடியல்ல அண்ணே.”

“உங்களுக்கு முடியல்ல. செரி.” குரல் உயரவே இல்லை. “எனக்க கையில அது ஒண்ணுதான் உண்டு. இனி அத எப்படிப் போட்டுக் கேப்பேன்?”

எழுந்து சுவர்ப் பக்கம் போனார். சாந்தை அள்ளிச் சுவரில் அடிக்கத் தொடங்கினார். நான் சாயாவைக் குடித்தேன், குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டை அவமதித்ததாகும் என்று. டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, “வாறேன் அண்ணே” என்றேன். அவர் திரும்பவில்லை.

அவர் அதைப் பிறகு கேட்டாரா, தூக்கி எறிந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. காட்டாக்கடைப் பக்கத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதுண்டு. அவரைப் பற்றி நான் யாரிடமும் விசாரித்ததில்லை.