கோடு போன கிளிமீன்

குவைத்துக்குத் திரும்பிப் போகும் முன் என் கணவர் வீட்டுக்குள் ஒரு சின்னக் கடலையே வைத்துவிட்டுப் போனார். திருப்பதி வாடகை வீட்டின் முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், உப்புத் தண்ணீர்த் தொட்டி. அவர் கேட்டது ஆரஞ்சுப் பட்டை போட்ட வெள்ளைக் கிளிமீன் குஞ்சு. கடைக்காரர் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்ததோ விரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று. தலையிலிருந்து வால் வரை வெளிறிய கோடுகள்.

“இதுவும் பேரட்தான் மேடம். பெரிசானா கலர் வரும்.”

“எந்தக் கலர்?”

“வந்தா தெரியும்.”

அன்றே எனக்குச் சந்தேகம். எங்கள் ஆந்திராவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குக் கீழே உடம்பிலுள்ள இரண்டு மச்சங்களை எழுதுவார்கள். எந்த வேலைக்குப் போனாலும் என் முழங்கை மச்சமும் கழுத்து மச்சமும்தான் எனக்குச் சாட்சி. அந்தப் பழக்கத்தில் மீனுக்கும் இரண்டு அடையாளம் மனதில் குறித்துக்கொண்டேன். ஒன்று கோடுகள். இன்னொன்று வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி.

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காக மகளோடு சித்தூர் போனபோது சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். எல்லையோர ஊரான நகரியிலிருந்து வந்து குடியேறியவர். நான் அலுவலகம் போனால் நான்கு வயது மகள் மாலை வரை இருப்பது அவர் வீட்டில்தான்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மகள் தொட்டியிடம் ஓடினாள். “அம்மா, இதி மன சேப்ப காது” என்றாள், பள்ளியில் பழகிய தெலுங்கில். நம்ம மீன் இல்லையாம். எனக்கும் அப்படித்தான் பட்டது. கோடுகளே இல்லை. வெறும் பழுப்பு, அங்கங்கே திட்டு; வாலடிப் புள்ளி அதில் எது என்று பிரித்தறிய முடியவில்லை. தொட்டிக்கு முன்னால் தரை துடைத்திருந்தது. குப்பைக் கூடையில் ரப்பர் பேண்டோடு ஒரு பாலிதீன் பை. மீன் வாங்கி வரும் பை.

அக்காவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல், “மீன் நல்லா இருந்துச்சா அக்கா?” என்றேன்.

“அத்த ஏம்மா கேக்குற. காலீல வந்து பாத்தா எச்சி பை மாரி ஒண்ணுக்குள்ள பட்த்துக்கினு கீது. செத்துடுச்சோன்னு தொட்டிய தட்டிப் பாத்தேன். அப்புறம் பாத்தா எழுந்து கல்லக் கொறிக்குது.”

எச்சில் பையா? இவ்வளவு நாளில் நான் பார்த்ததில்லை. மீன் செத்திருக்கிறது, வேறு வாங்கிப் போட்டிருக்கிறார், கதையும் தயார் என்றுதான் நினைத்தேன். மீன் போனால் போகட்டும். சொல்லாமல் மாற்றுகிறவர் நாளை என் மகள் படியில் விழுந்தால் சொல்வாரா? அவள் சாப்பிட்டாளா, அழுதாளா என்று எனக்குத் தெரிவதெல்லாம் அக்கா சொல்வதுதானே?

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வீடியோ காலில் கணவருக்கு மீனைக் காட்டி, அக்கா மாற்றியிருப்பார் என்றேன். மீன் வளர்ப்பவர்களின் குரூப்பில் போட்டோவைப் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி அழைத்தார்.

“குஞ்சா இருக்கறப்போ பல ஜாதியும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். பேர் சொல்ல முடியாதுங்கறாங்க. எச்சி பை கட்டறது நெசந்தானாம், சில ஜாதி அதுக்குள்ளதான் தூங்குமாம்.”

“அதே மீன்தானான்னு கேட்டீங்களா?”

“இன்னா ஜாதின்னே தெரியல, அதே மீனான்னு எப்டி சொல்லுவாங்க? சந்தேகம்னா பாப்பாவ க்ரெச்ல சேர்த்துடு.”

க்ரெச்சில் இருப்பவர்களை மட்டும் எனக்குத் தெரியுமா?

மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்காவிடமும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் மிளகு ரசத்தோடு அக்கா வந்து நின்றார். மகள் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள்.

“ஜுரம்னியே?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டுவிட்டாள். “பெரீமா, எங்க மீன மாத்திட்டியா? அம்மா சொல்லிச்சி.”

அக்கா என்னைப் பார்த்தார். ரசக் கிண்ணத்தை டிவி மேசையில் வைத்த வேகத்தில் மூடி நழுவித் தரையில் விழுந்து சுழன்றது. அந்தச் சத்தத்தில் மீன் வெடுக்கென்று விலகித் தொட்டிக்குள் இருந்த பாறையை ஒட்டி நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துணியில் ஈரம் ஏறுவதுபோல், தலையிலிருந்து வால்வரை கோடுகள் வந்தன.

மகள் கைதட்டினாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“குப்பைல ஒரு பை இருந்துச்சி அக்கா…”

“சாம்பார் பார்சல் பை. உங்கூட்ல ஒக்காந்து இட்லி துன்னேன். சிந்திச்சி, தொடச்சேன். அதுக்கு இன்னாங்கற?” மூடியைக் குனிந்து எடுத்தார். “உம்பொண்ணையும் காலீல ஒரு போட்டோ, சாய்ங்காலம் ஒரு போட்டோ எட்த்து வெச்சிக்கோம்மா. மாத்திட்டேன்னு சொல்லுவ.”

“நாளைக்கு எட்டு மணிக்குக் கூட்டிட்டு வரட்டுமா அக்கா?” என்று கேட்டேன்.

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “தயிர் சோறு கட்டாத. பருப்பு கடையறேன்” என்றார், என்னைப் பார்க்காமல்.

கதவைச் சாத்திவிட்டுத் தொட்டி முன் வந்து நின்றேன். கோடுகள் மறுபடி மங்கத் தொடங்கியிருந்தன. மீன் வாலை என் பக்கம் திருப்பியது. கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தவள், பார்க்காமலே நிமிர்ந்து, தொட்டி விளக்கை அணைத்தேன்.