இல்லெஜிபிள்

வங்கிக்கு அனுப்பிய ஆதார் படம் ‘இல்லெஜிபிள்’ என்று திரும்பி வந்ததும் அப்பா நினைவுக்கு வந்தார்.

ஏழாம் வகுப்பில் என் ஆங்கிலத் தேர்வுத் தாளில் டீச்சர் சிவப்பு மையில் இதே சொல்லை எழுதியிருந்தார். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு ‘இல்லீகல்’தான் தெரியும். சிமெண்டு காய்ந்த விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தார்.

“யாரைப் பாத்து எழுதுன?”

“சத்தியமா இல்லப்பா.”

அவர் நம்பவில்லை. மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு வந்து என்னை டீச்சரிடம் இழுத்துப் போனார்.

டீச்சர் சிரித்துவிட்டார். “காப்பி அடிக்கலண்ணே. எழுத்து வாசிக்க முடியலைன்னு எழுதியிருக்கேன். ஏன் பதறுறீக?”

அப்பா தலையாட்டிவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி, முன்னைவிடச் சந்தேகமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆத்தா, யாரும் வாசிக்கக் கூடாதுன்னு அப்படி என்னத்த எழுதுன?”